“நல்லா இருக்கிறன்” என்ற பதில்

கோலியர்ஸ் வுட், லண்டன்
ஞாயிறு மாலை

அன்பு மகள் அஜித்தாவுக்கு,

கனடாக் குளிரில் ஹமில்டனில் நீ உடலும் மனமும் நலமாக இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறோம். நாங்களும் நலம் என்று வழக்கம்போல எழுதிவிடலாம், ஆனால் இந்த மாதம் அந்தச் சொல்லால்தான் வீட்டில் சிக்கல், ஆகவே அதை விட்டுவிட்டு நடந்ததை எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே இருப்பார், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் இடுப்பு மூட்டு தேய்ந்து, சத்திரசிகிச்சைக்குப் பட்டியலில் போட்டிருந்தார்கள் என்பது உனக்குத் தெரியும். இத்தனை மாதமாக ஒரு செய்தியும் இல்லையே என்று நான் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் பெயர் பட்டியலிலேயே இல்லை என்றார் அங்கிருந்த பெண். தை மாதம் அழைத்து, இப்போது எப்படி இருக்கிறீர்கள், சிகிச்சை இன்னும் தேவையா என்று கேட்டிருக்கிறார்கள். உன் அப்பா, நல்லா இருக்கிறன், நன்றி, நீங்கள் எப்படி என்று அவர்களைச் சுகம் விசாரித்திருக்கிறார். சமாளிக்கலாம், அவசரமில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை நம்பிப் பெயரை எடுத்துவிட்டார்கள், அவர்களை எப்படிக் குறை சொல்வது? இங்கே வீட்டில் படியேற இரண்டு கையாலும் கைபிடியைப் பிடிக்கிறார். பேக்கரியில் முழு ஷிப்டும் நிற்க முடியாவிட்டால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்று மேலாளரும் சொல்லிவிட்டார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எனக்கு முன்னாலை எத்தினை பேர் ஏலாமல் கிடக்கினம், சும்மா குடுக்கிற இடத்திலை நிண்டு அரியண்டம் குடுக்கிறதே?” என்றார். இருபது வருடமாக வரி கட்டுகிறீர்கள், யார் சும்மா தருவது என்றேன். “வரி எல்லாரும்தானே கட்டினம்” என்றார்.  வாசலுக்கு வாக்குக் கேட்டு வந்த பெண்ணிடமும் இதே கதைதான். இந்தப் பகுதியில் உங்களுக்கு என்ன குறை என்று அவர் கேட்க, அப்பா எல்லாம் நல்லா இருக்குது என்று சிரித்து அனுப்பிவிட்டார். கொமன்வெல்த் நாடு என்று கனடா பாஸ்போட் வைத்திருக்கும் எனக்கும் இங்கே வாக்கு உண்டு என்பதால் நான் அந்தப் பெண்ணை மறித்து, நடைபாதையின் உடைந்த கல்லிலிருந்து டொக்டருக்குக் காத்திருப்பது வரை கேட்டேன். அப்பா உள்ளே போய் ரீவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

கனடாவில் ஸ்காபரோவில் என் அப்பாவும் இப்படித்தான், உன் தாத்தா நெஞ்சு நோவோடு போய் டொக்டரின் பிள்ளைகளைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். அங்கே ஆஸ்பத்திரியைக் குறை சொன்னால் யாராவது உடனே, வைத்தியத்துக்குச் சொத்தை விற்கும் அமெரிக்காவைக் காட்டி வாயை அடைப்பார்கள். இங்கே காலையில் ஆஸ்பத்திரியைத் திட்டுகிறவர்களே மாலையில் அதைக் காப்பாற்றச் சண்டைக்கு நிற்கிறார்கள். இரண்டு நாட்டிலும் வாழ்ந்துவிட்டேன், ஆனாலும் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. எல்லோருக்கும் பொதுவான ஒன்று யாரால் நிலைக்கிறது? அப்பாவைப் போல ஒதுங்கி நிற்பவர்களாலா, கேட்டு வாங்குபவர்களாலா? நம் கோவில் பங்கின் இம்மாகுலேற் அன்ரிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, “உம்மட மனுசனுக்கு இடுப்பிலை இல்லை பிள்ளை, வாயிலைதான் வருத்தம். என்னைப் பாரும், டொக்டருக்கு முன்னாலை அழுது போட்டன், உடனை ஸ்கான்!” என்றார். அப்பாவும் விடவில்லை. “அன்ரி அழுதால் டொக்டருக்கே ஸ்கான் எடுக்க வேணும்” என்றார்.

கடந்த வியாழன் எங்கள் குடும்ப டொக்டர் போனில் அழைத்தார். இளம் பெண், உன்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். போனை மேசையில் வைத்து இருவரும் கேட்டோம். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் நோவு எவ்வளவு என்றார். அப்பா நான்கு என்றார். நான் எட்டு விரலைக் காட்ட, என் கைகளைப் பிடித்து மேசையில் வைத்துவிட்டார். டொக்டர், சரி, முன்பு செய்து இப்போது செய்ய முடியாமல் இருப்பது என்ன, அதைச் சொல்லுங்கள் என்றார். அப்பா என் கைகளை விட்டார். பிறகு, கோவிலில் முழந்தாளிட முடியவில்லை, இரண்டு வருடமாகிறது என்றார்.

அஜித்தா, எனக்கு அது தெரியாது. நடுப்பூசையில் எழும்பிப் பின்கதவடியில் போய் நிற்பார். காரை எடுக்க முந்துகிறார் என்று நினைத்து, ஆண்டவருக்கு முன்னாலும் உங்களுக்குப் பார்க்கிங் யோசனையா என்று எத்தனை முறை ஏசியிருக்கிறேன். எல்லோரும் முழந்தாளிடும்போது உட்கார்ந்தபடி இருக்க வெட்கப்பட்டு அங்கே போய் நின்றிருக்கிறார். டொக்டர் அதையே அப்படியே எழுதி ஆஸ்பத்திரிக்கு மறுபடி அனுப்புகிறேன் என்றார். பழைய இடம் கிடைக்குமா, வரிசையின் கடைசியிலிருந்தா என்பது அவருக்கும் தெரியவில்லை.

இன்று பூசையில் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றம் வந்தபோது அப்பா வழக்கம்போல எழும்பப் பார்த்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். கோவில் முழுவதும் முழந்தாளில் இருக்க, நாங்கள் இருவரும் வாங்கிலிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. “நீர் ஏன் இருக்கிறீர்?” என்று மெல்லக் கேட்டார். நான் அவர் முழங்கையை விடாமலே இருந்தேன்.

நீ சொன்ன காதுவலிக்கு இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போ. எந்த வகுப்பில் என்ன கேட்கவில்லை என்று விவரமாகச் சொல்லு. குளிருக்குத் தொப்பி போடு. அப்பாவிடம் இதைப் பற்றி ஒன்றும் தெரிந்ததாகக் காட்டாதே. மாதாவின் கை உன் தலைமேல் எப்போதும் இருக்கட்டும், அப்பாவின் ஆசியும் என் முத்தமும்.

உன்னை நினைத்தபடி,
அம்மா
றஜீனா