திறப்பு யாரிடம்?

பேர்ண்,
12.01.1995

அன்புள்ள மத்தேயு மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். அவசரக் கடிதங்களைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்குத் திருநாள் வரை பார்த்துத்தான் நிரந்தரமாக்குவார்களாம். முதலாளி காலுக்கு ஒரு சோடி சப்பாத்துத் தந்தார். அடியில் இரும்பு, அது பெடலோடு பூட்டிக்கொள்ளும். முந்தநாள் சிவப்பு விளக்கில் நின்றபோது கால் கழலவில்லை. சைக்கிளோடு சரிந்துவிட்டேன். முழங்கையில் கீறல்தான், ஆனால் பின்னால் பஸ். இன்னுமொருமுறை விழுந்தால் இந்த வேலையே வேண்டாம் என்றிருக்கிறது.

மருமகள்,
பிரேமினி

முல்லைத்தீவு,
20.02.1995

என் செல்லப் பிள்ளைக்கு,

உன் கடிதம் பார்த்த பிறகு சோறு இறங்கவில்லை. காலைப் பூட்டியா வேலை வாங்குகிறான்? திறப்பு ஆரிடம், அவனிடமா? நான் வாசிக்க வாசிக்கப் புனிதமலர் மாமி, "ஐயோ, பிள்ளையை மாடு மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறாங்களப்பா! ஓடிப்போய்ச் சுவாமியாரிட்டைச் சொல்லுங்கோ!" என்று குழறினா. சொல்லிவிட்டேன். அவர் பாப்பரசருக்கே எழுதுவார், என் சொல்லைத் தட்டமாட்டார்.

சைக்கிளைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கொக்கிளாயிலிருந்து மூன்று பெட்டி இறால், மாமி, ஒரு கிடாய் ஆடு, எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடியவன் நான். பெடலில் றப்பரே இல்லை, வெறுங்கம்பி. வழுக்கியதா? இல்லை! காலில் லொறி டயர்ச் செருப்பு. நீயும் அப்படிப் பார்த்து வாங்கு. அடி தட்டையாக இருக்கவேண்டும், றப்பர் பெடலைப் பிடிக்கவேண்டும், நடுவில் வளையக் கூடாது. நாடாவை உள்ளே செருகு, இல்லையென்றால் சங்கிலி தின்னும். இதைக் கேட்டுப் பெரிய இஞ்சினியர்மாரே கொப்பியில் எழுதிக்கொண்டு போனவர்கள்.

அவன் பூட்டினால் உதறிவிட்டு வா. வேலை போனால் போகட்டும், நீ வேண்டும்.

மாமா,
மத்தேயு

பேர்ண்,
17.03.1995

அன்புள்ள மாமா,

சிரித்துச் சிரித்து வயிறு நோகிறது. இது சாவி போட்டுத் திறக்கிற கதவுப் பூட்டு இல்லை, மாமா. கொளுவிக்கொள்ளும், அவ்வளவுதான். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். நான் பயத்தில் மேலே இழுத்துவிட்டேன்.

"திறப்பு யாரிடம் என்று மாமா கேட்கிறார்" என்று முதலாளியிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "பயமென்றால் முதலே சொல்லியிருக்கலாமே. வாசலுக்கு வாசல் இறங்கி ஏறுகிற உனக்குத் தட்டைப் பெடல்தான் சுகம்" என்று தானே மாற்றித் தந்தார். நீங்கள் சொன்னபடி தட்டையடிச் சப்பாத்தாகப் பார்த்து வாங்கினேன். பெடலில் சின்னச் சின்ன முள்; றப்பர் அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு விழவேயில்லை. பாஸ்குவுக்கு முன்பே வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார்!

பிரேமினி

முல்லைத்தீவு,
10.04.1995

என் செல்லப் பிள்ளைக்கு,

ஆண்டவர் காப்பாற்றினார், மிச்சத்தை நான் பார்த்துக்கொண்டேன். மாமி உன் கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டு, "இனியாவது ஒழுங்காச் சாப்பிடுங்கோ" என்று எனக்கு இரண்டு அகப்பை சோறு கூடப் போட்டா. தானும் சாப்பிட்டா. இத்தனை நாளும் அவா சாப்பிடாததை அப்போதுதான் கண்டேன்.

கோயிலடியில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்: சுவிஸ் அரசாங்கத்தின் இரகசியக் கடிதமெல்லாம் உன் கையால்தான் போகிறது என்று. ஆராவது எழுதிக் கேட்டால் ஓம் என்று சொல்லு.

விழுந்தாய் என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சைக்கிளோடு சேர்ந்து இறங்கினாய் என்றுதான் சொன்னேன்.

மாமா,
மத்தேயு