வலது பை ஜூனோவுக்கு

ரோலண்ட்,

அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். சூப் அடுப்பின் மேல் இருக்கிறது, சூடாக்கிக்கொள். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்று வேட்டைக்குப் போகும்போது உன் கோட்டின் வலது பையில் தேன் தடவிய பிஸ்கட் இருக்கும். அது நம்ம நாய் ஜூனோவுக்கு. மத்தியானம்வரை காத்திருக்காமல் நடுநடுவே ஒன்று கொடு.

போன சனிக்கிழமை டர்னிப் கிழங்கு வயலில் ஜூனோ கால் மடங்கி விழுந்தபோது, "வயசாயிடுச்சு, பாவம்"னு எல்லாரிடமும் சொன்னாய். அதற்கு நாலு வயதுதான். அன்றும் அதற்கென்று பிஸ்கட் வைத்திருந்தேன்; சாயங்காலம் உன் மீசையில் தேன் ஒட்டியிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"ஓடுற நாய்க்குச் சக்கரை இறங்கிடும், இனிப்பு குடுங்க"ன்னார் நாய் டாக்டர். "உங்களுக்குச் சுகர், இனிப்பைத் தொடாதீங்க"ன்னார் உன் டாக்டர். நீ இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டாய்.

உனக்கு இடது பையில் வேர்க்கடலை.

மாவிஸ்

பி.கு.: உன் தொப்பிக்குள் ஒளிந்திருந்த சாக்லேட்டை எடுத்துவிட்டேன். நாய்க்கு அது விஷம். உனக்கும்தான்.

இன்னொன்று. ஜூனோ விழுந்தபோது நீ தோளில் போட்டு வீடுவரை தூக்கி வந்தாய். நீ விழுந்தால் அதால் உன்னைத் தூக்க முடியாது.