நித்யா, நீ போட்ட விதியை நான் எடுத்துவிட்டேன்

என் பிடிவாதக்காரி நித்யாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் விக்கியில் நீ போட்ட விதியை நான் எடுத்துவிட்டேன். நீ இருந்திருந்தாலும் எடுத்திருப்பேன். என்ன, ஒரு வாரம் நீ என் போனை எடுத்திருக்க மாட்டாய்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன். ‘நெடுவழி’ என்பது போனில் லாரி ஓட்டும் விளையாட்டு. எந்த மலையில் எவ்வளவு லோடு ஏறும், எந்தப் பாலம் கனம் தாங்காது என்பதையெல்லாம் ஆடுகிறவர்களே தமிழில் எழுதிச் சேர்க்கும் தளம்தான் நம் விக்கி. அங்கே யாரும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம். வாழப்பாடி மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே நீ அதைத் தொடங்கினாய். நான் ராசிபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். பஸ் இல்லாத பக்கத்து ஊர்க்காரிகள் போல, பார்க்காமலேயே பல மாதம் பழகினோம்.

ஒரு பாலத்தைப் பற்றி நான் முதன்முதலில் எழுதிய நாலு வரியை நீ நாலே நிமிடத்தில் நீக்கினாய். காரணம் என்று ஒரே ஒரு சொல்: ‘ஆதாரம்?’ கோபத்தில் உனக்கு ஒரு பக்கத்துக்குத் திட்டி எழுதினேன். மறுநாள் நீயே கூப்பிட்டாய்.

“என்னக்கா, எம்மேல கோவமா? கோவம் இருக்கட்டும். அந்தப் பாலத்துல நீங்க நெசமாவே வண்டிய ஏத்திப் பாத்தீங்களா?”

“பாக்கலை.”

“அப்ப இப்பப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

அன்று நீ லைனில் இருந்தாய். அதனால்தான் நான் இன்றும் இந்த விக்கியில் இருக்கிறேன். அப்படிப்பட்ட நீ எப்படியடி அந்த விதியைப் போட்டாய்?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. யாரோ ஒருவன் வேண்டுமென்றே பக்கம் பக்கமாக அழித்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் இடைவெளிகளில் பத்து நாள் உட்கார்ந்து நீ எல்லாவற்றையும் மீட்டாய். அதற்குப் பிறகுதான், புதியவர்கள் எழுதுவதைப் பழையவர்கள் இருவர் ஒப்புக்கொண்டால்தான் பக்கத்தில் வரும் என்று அறிவித்தாய். எனக்கு அது பிடிக்கவில்லை. சண்டை போடத்தான் உன் வீட்டுக்கு வந்தேன். உன் கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருந்ததைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அது தப்பு நித்யா. சீக்காளி என்று உனக்கு விட்டுக்கொடுத்தேன் என்று தெரிந்திருந்தால், நீ என்னை மன்னித்திருக்கவே மாட்டாய்.

நீ போன பிறகு பழையவர்கள் என்று மிஞ்சியது மூன்று பேர். நான், குமாரபாளையத்தில் ஜவுளி ஆபீசில் இருக்கும் அருண்மொழி, மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்க்கும் இன்னொருவர். புதியவர்கள் எழுதியதெல்லாம் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. காத்திருந்து காத்திருந்து ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள்.

அப்போதுதான் மாதேஸ்வரன் வந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இடுப்பு அடிபட்டு வண்டியை விட்டவர். மலை இறக்கம் பற்றிய பக்கத்தில், பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். ‘எறக்கத்துல பிரேக்க மிதிச்சிகிட்டே போகாதிங்க. பிரேக்கு சூடாகி புடிக்காது. கியர கொறச்சி போட்டு மெதுவா எறக்குங்க.’ எழுத்துப்பிழை ஏழெட்டு. அருண்மொழி அதை நிராகரித்தான். அவர் மறுபடி எழுதினார், அதையும் நிராகரித்தான். மூன்றாம் தடவையும் அப்படியே. பிறகு, எழுதுகிறவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் அவர் ஒரு வரி எழுதினார்: ‘நான் என்னுங்க தப்பு பண்ணுனேன்?’

விளையாட்டில் அந்த இறக்கத்தில் நானே எத்தனை தடவை வண்டியைக் கவிழ்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவர் சொன்னபடி கியரைக் குறைத்து ஓட்டிப் பார்த்தேன். முதல் தடவையே கீழே போய்ச் சேர்ந்தேன். அருண்மொழியைக் கூப்பிட்டேன்.

“அவரு எழுதுனது சரி. எதுக்குத் தள்ளுன?”

“சரியா இருக்கலாங்க அக்கா. ஆதாரம் இல்லை, தமிழும் சரியில்லை. நித்யா இருந்திருந்தா இத உட்ருக்க மாட்டாங்க.”

“அவ இருந்திருந்தா அவகிட்டயே சண்டை போட்ருப்பேன். இப்ப உங்கிட்டப் போடறேன்.”

அன்றே அந்த விதியை எடுத்தேன். தளத்தின் விதிகளை மாற்றும் நிர்வாகி உரிமை எனக்கும் இருந்தது, ஒரு சொடுக்கு போதுமாக இருந்தது. அந்தப் பக்கத்தில் உன் பெயர்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரனைக் கடைக்கு வரச் சொன்னேன். கைத்தடியோடு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவே தயங்கினார்.

“எனக்கு எழுத வராதுங்க அம்மிணி. தப்புத் தப்பா வருது.”

“தப்பைத் திருத்த ஆளுங்க இருக்கோம். நீங்க ஓட்டறத எழுதறதுக்குத்தான் ஆளு இல்லைங்க.”

அவர் ஓட்டினார், திரையில் ஓடியதை நான் பதிவு செய்தேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒரு தடவை, கியரைக் குறைத்து ஒரு தடவை. இரண்டையும் பக்கத்தில் சேர்த்தோம். ‘ஆதாரம்?’ என்ற உன் கேள்விக்கு அதுதான் பதில். உன் விதியைத்தான் எடுத்தேன், உன் கேள்வியை எடுக்கவில்லை. எழுத்துப்பிழையை அவரையே திருத்தவைத்தேன். சேமி என்பதை அழுத்தியதும் அவர் எழுதியது பக்கத்தில் வந்தது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது எல்லாருக்கும் தெரியுங்களா?” என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு நான் விதிகளைப் படித்துக் காட்டுவதில்லை. ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொல்வேன். அது பக்கத்தில் வருவதைப் பார்த்த பிறகு அவர்களே கேள்வி கேட்கிறார்கள்.

அருண்மொழி சும்மா இருக்கவில்லை. எல்லோரையும் கேட்காமல் விதியை எடுத்தேன் என்று, என் நிர்வாகி உரிமையைப் பறிக்க வாக்கெடுப்பு வைத்தான். கேட்காமல் எடுத்தது உண்மை, மறுக்கவில்லை. தோற்றேன். உரிமை போனது. ஆனால் விதியைத் திரும்பப் போடுவதற்கு முன், ஒரு மாதம் பார்க்கலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

அந்த மாதம் முடியும் முன்பே எவனோ வந்து, பாலங்களைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை முழுக்க அழித்துவிட்டு, கெட்ட வார்த்தை எழுதிவைத்தான். கடையில் கூட்டம், நான் பார்க்கவில்லை. அருண்மொழிதான் கூப்பிட்டான். “பாத்தீங்களா அக்கா? நித்யா பக்கத்தையே” என்றவன் போனிலேயே அழுதுவிட்டான். பக்கத்தைத் திறந்தேன். நீ எழுதியது அப்படியே இருந்தது, ஒரு புள்ளி குறையவில்லை. யார் எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றைப் பார்த்தேன். அழித்து மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் மீட்டிருந்தார். மாதேஸ்வரன்.

உரையாடல் பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘யாரோ இந்தப் புள்ள எழுதுனத அழிச்சிட்டாங்க. பழசத் திருப்பி வெச்சிட்டேன். நான் பண்ணுனது சரிங்களா?’

அருண்மொழி அதைப் படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டான். “அந்த விதி வேண்டாங்க அக்கா” என்றான். “உங்க உரிமையத் திருப்பித் தரச் சொல்லி எழுதட்டுங்களா?”

“வேண்டாம். அதை மாதேஸ்வரனுக்குக் குடு.”

எல்லோரையும் கேட்டுக் கொடுத்துவிட்டான் நித்யா. அவர் தமிழில் இன்னும் பிழை இருக்கிறது. உனக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். நீ செத்துப்போய்விட்டாய் என்பதற்காக உன்னோடு சண்டை போடுவதை நான் நிறுத்தப் போவதில்லை. உன் பெயரைச் சொல்லி யாராவது ஒரு புதிய ஆளை வெளியே நிறுத்தினால், அவர்களோடும் போடுவேன். என் கடை திறந்திருக்கும் மட்டும், ஞாயிற்றுக்கிழமை எவர் வந்தாலும் பக்கத்தில் உட்காருவேன். முதல் வரி எழுதி முடிக்கும்வரை எழுந்து போகமாட்டேன்.

உனக்கு விட்டுக்கொடுக்காத,
உன் அக்கா
பூங்கொடி