இரண்டு தட்டல்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். செய்யூரில் மழை விட்டதா? உன் வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? உன் மருமகள் பூங்கொடி இதை உனக்கு நிதானமாக வாசித்துக் காட்டட்டும்.

போன வாரம் ஆஸ்திரேலியப் பாலைவனத்துக்குள் மருத்துவ முகாமுக்குப் போனோம். வழியில் என் ஜீப்பின் ரேடியோவில் வெறும் இரைச்சல். பயப்படாதே, முன்னால் இன்னொரு வண்டி போய்க்கொண்டிருந்தது. இறங்கி ஆன்டெனாவின் அடியில் பார்த்தேன். குலுக்கலில் ஒயர் கழன்று, இணைப்பில் செம்மண் அடைந்திருந்தது. துடைத்து இறுக்கிவிட்டு, கேட்கிறதா என்று முன் வண்டியைக் கூப்பிட்டேன். டக், டக் என்று இரண்டு சத்தம் வந்தது. பேசத் தோதில்லாதபோது இங்கே ஓட்டுநர்கள் மைக் பொத்தானை இருமுறை அழுத்துவார்கள். காதில் விழுந்தது என்று அர்த்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாதம் வந்து உன் பேச்சு நின்றதிலிருந்து ஞாயிறுதோறும் போனில் நான் மட்டும்தான் பேசுகிறேன். "அத்த கேட்டுகினுதான் கீறாங்க, நீ பேசு அண்ணி" என்கிறாள் பூங்கொடி.

இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு இடது விரலால் போனை இரண்டு முறை தட்டு, அம்மா. அது போதும்.

வண்டி கிளம்புகிறது.

உன் மகள்,
ஜோதிலட்சுமி

பூங்கொடி, இதை மட்டும் வாசிக்காதே. அம்மா தட்டாவிட்டால், அவளுக்காக நீ தட்டிவிடாதே.