சின்னவளைப் போல் இன்னொருத்தி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் சுகம், உன் தங்கையின் குதிகால் புண்கூட இந்த முறை சீக்கிரம் காய்ந்துவிட்டது, நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். லேசாக உரசினாலே தோல் கொப்புளித்து உரியும் இந்தப் பரம்பரை நோய்க்காக, சின்னவள் குழந்தையாக இருந்தபோதே ஓர் ஆராய்ச்சிப் பதிவேட்டில் அவள் விவரங்களைச் சேர்த்தோமே. வருஷா வருஷம் நர்ஸம்மா கூப்பிட்டு எங்கே புண், எது ஆறியது என்று கேட்பார், நானும் சொல்வேன், அதோடு சரி, கிணற்றில் போட்ட கல். போன வாரம் அவரே கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்கு இருக்கிற அதே மரபணுக் கோளாறு இன்னொருத்தருக்கும் இருக்கும்மா, அவங்க உங்களைப் பார்க்க ஆசைப்படறாங்க, உங்க ரெண்டு பேருக்கும் சம்மதமா" என்றார். ஏதோ கைக்குழந்தை, பெற்றவர்கள்தான் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சின்னவளோடும் அப்பாவோடும் போனேன்.

ஆஸ்பத்திரி அறைக்குள் வந்தவர் தலை நரைத்த ஒரு கணக்கு டீச்சரம்மா. தையல் உரசாமலிருக்கச் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார், நம் சின்னவளைப் போலவே. சின்னவள் இருபதைத் தாண்டுவதே கஷ்டம் என்று டாக்டர் அன்று சொன்னதை நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தவள் நான், அந்த நரைமுடியையே பார்த்தபடி நின்றுவிட்டேன். இருவரும் நகமில்லாத விரல்களை மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். வலி எப்போதாவது நிற்குமா என்று சின்னவள் கேட்டாள். "நிக்காது கண்ணு. காலைல கட்டு மாத்தற நேரம் அதுக்கு, மீதி நேரம் நமக்கு" என்றார் டீச்சர். ஒரே கோளாறு இருந்தும் அவருக்கு ஏன் இத்தனை லேசாக இருக்கிறது, அவர் உடம்பில் வேறு ஏதாவது காக்கிறதா என்று தேடப்போகிறார்களாம். "இத்தனை வருஷம் ஒருத்தர்தான் இருந்தாங்க, ஒப்பிட ஆளில்ல. இப்பதான் தேடவே முடியும்" என்றார் ஆராய்ச்சி டாக்டர். நான் போனில் ஒப்பித்த புண்களெல்லாம் எங்கோ ஒருவர் கண்ணில் பட்டு, சேர்த்து வைக்கப்பட்டு, இந்த அம்மாளைக் கொண்டுவந்து நிறுத்தியதை நினைத்தால் இன்னும் மெய் சிலிர்க்கிறது. ஊசி என்றால் ஊரைக் கூட்டும் உன் தங்கை ரத்தம் எடுக்கத் தானாகக் கையை நீட்டினாள். நர்ஸம்மா பிளாஸ்திரி ஒட்டவில்லை, தோலோடு வந்துவிடும் என்று தெரிந்து பஞ்சை விரலால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது காரில் சின்னவள், "அம்மா, அந்த வயசுல நான் என்ன பண்ணிட்டிருப்பேன்" என்றாள். நாளைக்கு அப்பால் யோசித்தே பழகாதவள் நான். அப்பாதான் ரோட்டைப் பார்த்தபடியே, "என் கண்ணாடியத் தேடிக் குடுத்துட்டிருப்ப" என்றார். "அப்ப உங்களுக்கு நூறு வயசுப்பா" என்று அவள் சிரித்தாள். அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க உன் ரத்தமும் கிடைத்தால் உதவும் என்றார்கள், அங்கேயே கொடுக்கலாமாம். மாப்பிள்ளையோடு பேசிவிட்டு நீயே முடிவு செய், வேண்டாம் என்றாலும் எங்களுக்கு வருத்தமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையுமின்றி நீண்ட நாள் வாழ வேண்டும், இந்த முறை சின்னவளையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா