எதை விட்டேன், எதைச் சேர்த்தேன்

ஆலன், டெக்சஸ்
23 பிப்ரவரி 1999

என் செல்ல மகள் ஹெப்சிபாவுக்கு அம்மா பவளம் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவுக்குச் சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஆபீஸில் டோனட்டைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க அவருக்குத் தெரியாது. மலாவியில் நீயும் உன்னோடு வேலை செய்கிறவர்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டு வசந்தாமணி உன்னை விசாரித்தாள். கோயம்புத்தூரிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த கறிவேப்பிலைச் செடி போன மாதக் குளிரில் பட்டுப்போயிற்று, அந்தத் துக்கத்தில் இருக்கிறாள். கராஜுக்குள் எடுத்து வை என்று படித்துப் படித்துச் சொன்னேன், கேட்கவில்லை.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கூடவே நம் தமிழ்ச் சபைக் கமிட்டி உனக்குப் போட்ட கடிதத்தின் நகலையும் வைத்திருந்தாய். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியாது. பெற்றவள் வாரா வாரம் அவர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளைக்குக் கடிதம் போட்டிருக்கிறார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வேதக் கதைகளை வாயால் சொல்லக் கற்றுக்கொடுத்து அவர்களைச் சபைத் தலைவர்களாக ஆக்குவது வேதத்துக்கே ஆபத்து, ஆகவே ஈஸ்டரோடு வேலையை முடித்துக்கொண்டு திரும்பவும், இப்படிக்குச் செயலாளர் வேதமாணிக்கம். உன் தலையில் கை வைத்து ஜெபித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதும் இதே கமிட்டிதான். அதையாவது பொறுத்துக்கொண்டேன். கடைசியில் நீ எழுதியிருந்தாயே, நானும் களைச்சுட்டேம்மா, நீங்க வான்னு சொன்னா வந்துடுறேன் என்று, அந்த ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது. அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். வா என்று சொல்லத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, பொய் சொல்ல மாட்டேன். படுக்க ஆளில்லாத உன் கட்டிலுக்கு இன்னமும் விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு என் பதிலைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

ஆராதனை முடிந்து அதே ஹாலில்தான் பாட்லக் சாப்பாடு. லெந்து நோன்பு நாள் என்பதால் கறி கிடையாது, எல்லார் வீட்டிலிருந்தும் எலுமிச்சம்பழச் சாதமே வந்திருந்தது. வேதமாணிக்கம் அங்கிள் தட்டோடு என் எதிரே வந்து உட்கார்ந்து, ஹெப்சி எப்பம்மா வர்றா என்று சாதாரணமாகக் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று, எம்பிள்ளய எதுக்கு வரச் சொல்லி லெட்டர் போட்டீங்க, எல்லார் முன்னாலயும் சொல்லுங்க அண்ணன் என்று கேட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கிள் கெட்டவர் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு ரோடெல்லாம் ஐஸாகக் கிடக்கும்போது கார் ஓட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர், அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அதற்காக என் பிள்ளை விஷயத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா?

அவரும் எழுந்தார். நம்ம தாத்தாமாருக்கு மிஷனரிமார் மொதல்ல எழுத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்க, அந்த எழுத்துதான் நம்மள நம்மூரு நாசரேத்துலருந்து டெக்சஸ் வரைக்கும் கொண்டாந்து விட்டுருக்கு, இப்ப உங்க மக போயி புஸ்தகத்த மூடி வச்சிட்டு வாயால சொல்லுன்னா, ஒருத்தன் ஒண்ணு கூட்டுவான் ஒருத்தன் ஒண்ணு கொறைப்பான், கடைசியில வேதம் எங்க இருக்கும் என்று கேட்டார். பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ எழுதியதெல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தது. அங்க ஊருக்கு ஒரு வேதம் இருந்தாலே பெரிசு, இருந்தாலும் வாசிக்க ஆளில்ல, ஆனா ஒரு தடவ கேட்டத மனசுல வச்சுத் திருப்பிச் சொல்ற கெட்டிக்காரங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க, அவங்க எல்லாம் ஸ்கூல் பாஸ் பண்ற வரைக்கும் ஆண்டவர் வாசல்லயே நிக்கணுமா அண்ணன் என்று நானும் விடவில்லை. மலாவி, சாம்பியா, மொசாம்பிக் என்று மூன்று நாட்டிலிருந்தும் நடந்தும் சைக்கிளிலும் வந்து உன்னிடம் கற்றுக்கொண்டு போகிற பெரியவர்களைப் பற்றிச் சொன்னேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. எல்லாரும் வேதத்த மூடுங்க, நான் இப்ப ஒரு கதை சொல்றேன், அப்பறம் தொறந்து சரி பாருங்க என்று சவால் விட்டுவிட்டேன்.

சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்த கதைதானே என்று இயேசு பிறந்த கதையையே எடுத்தேன். நன்றாகத்தான் சொன்னேன். மரியாளைக் கழுதை மேல் ஏற்றிப் பெத்லகேமுக்குக் கொண்டுபோனேன், சத்திரக்காரன் விளக்கைத் தூக்கிப் பார்த்து இடமில்லை என்று விரட்டினான், அன்று இரவே மூன்று ராஜாக்கள் தொழுவத்து முன்னணைக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் பாஸ்டர் வேதத்தைத் திறந்து வாசித்தார், மானம் போயிற்று. கழுதை இல்லை. சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறதே ஒழிய சத்திரக்காரன் என்று ஒரு ஆளே இல்லை. கிழக்கிலிருந்து வந்தவர்கள் சாஸ்திரிகள், மூன்று பேர் என்றும் இல்லை, அவர்கள் வந்தது வீட்டுக்கு. வருஷா வருஷம் கிறிஸ்மஸ் நாடகத்துக்கு மூன்று கிரீடம் தைப்பவள் நான். தலையில் துண்டைக் கட்டி லாந்தரைப் பிடித்துச் சத்திரக்காரனாக வந்து நிற்பவர் யார், இதே வேதமாணிக்கம் அங்கிள். அண்ணன், இத்தன வருஷமா நீங்க போட்ட வேஷமே வேதத்துல இல்லியே என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, ஹாலே சிரித்தது. அங்கிள் சிரிக்கவில்லை. பாத்தீங்களா, இதத்தான நான் சொல்றேன், வாயால சொன்னா இப்பிடித்தான் சேரும், நமக்கே இந்தக் கதின்னா அங்க என்ன ஆகும் என்றார். அவ்வளவுதான். நான் வெட்டிய குழியில் நானே விழுந்து கிடந்தேன். உன் வேலையைக் காப்பாற்றப் போய் நானே கெடுத்துவிட்டேனே என்று கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அப்பா எழுந்தார். அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்.எஸ். படிச்சு நல்ல வேலைய விட்டுட்டுக் கதை சொல்லப் போறியாக்கும் என்று கேட்டவர், ஏர்போர்ட்டில் பெட்டியை இறக்கி வைத்ததோடு சரி. நீ போன் பண்ணினால் எடுத்து ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிற மனிதர். நீ கதை பதிந்து அனுப்பிய கேசட் வந்ததும், வாங்க, பிள்ள குரலக் கேளுங்க என்று எத்தனை முறை கூப்பிட்டேன், வேலை இருக்கு என்று கராஜுக்குப் போய்விடுவார். அப்புறம் அந்தக் கேசட்டும் காணாமல் போயிற்று, என் கவனக்குறைவு என்று நினைத்து உன்னிடம் சொல்லவில்லை. அந்த மனிதர் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு தரம் கை தட்டினார். ஹெப்சி, உன் கேசட்டில் அந்த ஊர் பாஸ்டர் ஃபிரி கதை ஆரம்பிக்கும் முன்னால் தட்டுவாரே, அதே தட்டு. பிறகு கிணற்றடிக்குத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னார், பாஸ்டர் ஃபிரி சிச்சேவா மொழியில் சொல்லி முடித்ததும் நீ தமிழில் சொல்வாயே, அது மாதிரியே. கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. இயேசு தண்ணீர் கேட்டது, அவள் எதிர்க்கேள்வி கேட்டது, ஐந்து புருஷர் விஷயம், தொழுகிற இடம் மலையா எருசலேமா என்றது, ஒன்றும் இடம் மாறவில்லை. குடத்தைக் கிணற்றடியிலேயே வைத்துவிட்டு அவள் ஊருக்குள் போன இடம் வந்ததும், நீ நிறுத்துகிற இடத்தில் அவரும் நிறுத்தினார். அவள் பேச்சைக் கேட்டு ஊரே கிளம்பி வந்ததைச் சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்க மறந்த கேள்வியைக் கேட்டார். எதை விட்டேன், எதைச் சேர்த்தேன், சொல்லுங்க.

நீ உன் ஆட்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுக்கிற பாடம் இதுதான் என்று எழுதியிருந்தாய், கதை சொன்னவர் இதைக் கேட்காமல் உட்காரக் கூடாது, கேட்டவர்கள் சொல்லாமல் விடக் கூடாது. கிறிஸ்மஸ் கதையைப் பற்றி நாங்கள் யாரும் யாரிடமும் கேட்டதே இல்லை, அதனால்தான் கழுதையும் சத்திரக்காரனும் உள்ளே நுழைந்து குடித்தனம் நடத்துகிறார்கள். வேதமாணிக்கம் அங்கிள் ஏற்கெனவே யோவான் சுவிசேஷத்தைத் திறந்து விரலை வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தார். ஆறாம் மணி வேளைன்னு போட்டிருக்கு செல்வராஜ், அத விட்டுட்டீங்க என்றார். ஆமா, விட்டுட்டேன் என்று சொல்லி அப்பா திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார், ஆறாம் மணியையும் சேர்த்து. அங்கிள் விரல் வரி வரியாகப் போயிற்று, கடைசியில் தலையையும் ஆட்டினார். உன் பயிற்சியில் ஒரு ஆள் கூடிவிட்டது அவருக்கே தெரியவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பொம்பளைக்கு எந்தக் கமிட்டி லெட்டர் குடுத்து அனுப்பிச்சு அண்ணன் என்று கேட்டுவைத்தேன். பாஸ்டர் அவசரமாக, நாம ஜெபிச்சு முடிப்போம் என்றார்.

ஃப்ரீவேயில் அப்பா காரை ஓட்டிக்கொண்டு வந்தார். ரேடியோ போடலாம் என்று கை வைத்தேன், கேசட் வெளியே வந்தது, உன் கையெழுத்தோடு. அவரைப் பார்த்தேன். இந்த ட்ராஃபிக்ல வேற எதக் கேக்கச் சொல்றே என்றார். போகிற வழியெல்லாம், வருகிற வழியெல்லாம் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நான் பைத்தியக்காரி மாதிரி சோபாவுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். கமிட்டி அந்தக் கடிதத்தை இன்னும் திரும்ப வாங்கவில்லை. ஈஸ்டருக்கு அப்புறம் பாக்கலாம் என்கிறார்கள். நோட்டீஸ் போர்டிலிருந்து உன் போட்டோவை அவர்கள் கழற்றுகிற வரைக்கும் நான் காத்திருக்கவில்லை, கிளம்பும்போது நானே கழற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன், இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறாய். நேற்று சாயங்காலம் அங்கிள் போன் பண்ணினார். போட்டோவுக்காக என்று சண்டைக்குத் தயாராக எடுத்தேன். சமாரியர் ஊரில் இயேசு இரண்டு நாள் தங்கினாரே, அதைச் செல்வராஜ் சொன்னாரா இல்லையா என்று கேட்கத்தான் கூப்பிட்டாராம். அப்பா சொன்னேன் என்கிறார், அங்கிள் சொல்லவே இல்லை என்கிறார், சாப்பாடு ஆறிப்போயிற்று. அதுக்காக லெட்டர் தப்புன்னு ஆயிடாது என்றும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லித்தான் வைத்தார்.

சரி, என் பதிலுக்கு வருகிறேன். களைப்பாக இருந்தால் ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு, உலகம் முழுகிப்போகாது. உன் மனசே போதும் என்று சொன்னால் வா, டாலஸ் ஏர்போர்ட்டில் முதல் ஆளாக நான் நிற்பேன், ஒரு கேள்வி கேட்க மாட்டேன், கேட்கிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடிதத்துக்குப் பயந்து மட்டும் வராதே. கமிட்டி கூப்பிட்டால் போகிற பிள்ளையாக உன்னை நான் வளர்க்கவில்லை. நான் வா என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். சொல்ல மாட்டேன். எனக்கு ஆசை தொண்டை வரைக்கும் இருக்கிறது, ஆனாலும் சொல்ல மாட்டேன். நீ அங்கே இல்லாமல் போனால் அந்தப் பெரியவர்களிடம் யார் கேட்பார்கள், எதை விட்டாய், எதைச் சேர்த்தாய் என்று. கேட்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஹாலிலேயே பார்த்துவிட்டேன்.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் நாவில் நல்ல வார்த்தைகளை வைப்பாராக. மலேரியா மாத்திரையை நேரம் தவறாமல் போடு, தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்காதே, பாஸ்டர் ஃபிரிக்கு எங்கள் அன்பைச் சொல்லு. இந்தக் கவரில் ஒரு கேசட் வைத்திருக்கிறேன், உடையாமல் வந்ததா என்று பார். இன்று காலை ஆபீஸுக்குக் கிளம்பும் முன் அப்பா சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசியது, பின்னால் ஃப்ரிட்ஜ் உறுமுவதும் விழுந்திருக்கிறது. அதே கதைதான், ஆறாம் மணியும் இருக்கிறது, அந்த இரண்டு நாளும் இருக்கிறது. முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறார், நிறுத்திவிட்டார் என்று நினைத்து நீயும் நிறுத்திவிடாதே. அப்புறம், ஹெப்சி, எதை விட்டேன், எதைச் சேர்த்தேன், நீ சொல்லு என்று கேட்கிறார். நீ போன பிறகு உன் பெயர் அவர் வாயில் வந்தது இதுதான் முதல் தடவை. மறக்காமல் பதில் கேசட் அனுப்பு. அங்கிருந்தே அனுப்பு.

இப்படிக்கு,
உன் வரவுக்கு ஏங்கினாலும் உன்னை அழைக்காத உன் அம்மா,
பவளம் செல்வராஜ்