உள்ளே விடாத கம்ப்யூட்டர்

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, கடை மூவரும் சுகம், நேற்று மாலையிலிருந்து கடைக் கம்ப்யூட்டரும் சுகம். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று தெரிந்தால் எங்களுக்குப் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி. போனில் பேசாமல் ஏன் இதை உட்கார்ந்து அடிக்கிறேன் என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல நீ நாலு சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறாய், கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா. ஒற்றை விரலால் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து என் மனசு ஒரு நிலையில் இல்லை. அங்கே உன் ஆபீஸ் கிளை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை உனக்குக் கொடுக்கிறார்கள், மூன்று வருடம் அங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்துவிடப் போகிறாய். ஏன் என்று கேட்டதற்கு, "பிரிண்டர்ல பேப்பர் தீர்ந்தாக்கூட என்னைத்தானே கூப்பிடுறீங்க, உங்க ரெண்டு பேரையும் நம்பி நான் எப்படிப்பா கையெழுத்துப் போடறது" என்றாய். சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், உண்மை என்பதால் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நேற்றுக் காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால், அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள் என்று எழுத்து வந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்து பாஸ்வேர்டு கேட்டது, அடித்தேன், நல்வரவு சொல்லிவிட்டு ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வாங்க வாங்க என்று சன்னலில் நின்று கூப்பிட்டுவிட்டுக் கதவைத் திறக்காத வீட்டுக்காரன் மாதிரி. அணைத்துப் போட்டேன், மறுபடி வட்டம். ஒயரிங் காண்ட்ராக்டர், நீ அவசரம் என்று பேர் வைத்தாயே அவர்தான், பில்லுக்காக நின்றவர், "என்ன முதலாளி, ஃபேன் விக்கிற கடைன்னா கம்ப்யூட்டரும் சுத்தணுமா" என்று கிண்டல் வேறு. கையால் பில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதற்குள் உன் அம்மா போனை எடுத்துவிட்டாள். நான் தடுத்தேன். "இதுக்கும் அவளைக் கூப்பிட்டோம்னு வை, வேண்டாம்னு சொல்ற பேப்பர்ல நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி" என்றேன். "ஆமா, சரி பண்ணிக் கிழிச்சிடுவீங்க, நானும் பாக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ரிப்பேர்காரரை வரவழைத்தேன். பார்த்துவிட்டு, "சார், இது தேறாது, மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்திடலாம், உங்ககிட்ட பேக்கப் இருக்கும்ல" என்றார். நானும் அம்மாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். வாராவாரம் நகல் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனாய், போன முறை நீ லீவில் வந்தபோது நீ எடுத்ததுதான் கடைசி. அம்மா அவரை ஒரு முறை முறைத்து, "அழிக்கிறதுக்கு உங்களை எதுக்குக் கூப்பிடணும், அதை இவரே நல்லாப் பண்ணுவாரு" என்றாள். அழிக்காமல் உள்ளே போக ஒரு வழியும் இல்லையா என்று நானும் விடாமல் கேட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு ஒன்று இருக்கிறது என்றார். பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலேயே ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தார், ஒரு நீலத் திரை வந்தது, அதில் நாலைந்து இடத்தில் தட்டி சேஃப் மோடு என்று ஒன்றில் திறந்தார். மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது. பில், ஸ்டாக் எல்லாம் வைத்தது வைத்த இடத்தில். எனக்கு உயிர் வந்தது. சேஃப் மோடு என்றால் என்ன என்று கேட்டேன், அவசியமானது மட்டும்தான் ஓடும், மற்றதெல்லாம் அணைந்திருக்கும் என்றார். அட, இது நம்ம தொழில் அல்லவா! ஒரு வீட்டில் மெயின் ட்ரிப் ஆகிக்கொண்டே இருந்தால் சுவரையா இடிப்போம்? எல்லா லைனையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம், எதைப் போட்டால் விழுகிறதோ அதுதான் கள்ளன். அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "கரெக்ட் சார், நேரம் பிடிக்கும், பொறுமை இருந்தா பண்ணுங்க" என்று, கம்ப்யூட்டர் திறக்கும்போது தானாக ஓட ஆரம்பிக்கும் புரோகிராம்கள் எங்கே இருக்கின்றன, எப்படி அணைப்பது என்று காட்டிக் கொடுத்தார். எதையும் நீக்காதீர்கள், அணைத்து மட்டும் வையுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்.

பிறகு நானும் அம்மாவும்தான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாதாரணமாகத் திறந்தால் திறந்தது. அப்புறம் ஒன்றைப் போடுவது, ரீஸ்டார்ட், பாஸ்வேர்டு, உள்ளே, அடுத்தது. அவள் பேர் படிக்க நான் தட்ட, நடுவில் வந்த ஆட்களுக்கு பல்பும் பிளக்கும் கொடுக்க என்று மத்தியானம் முழுக்க ஓடியது. அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்தே பிரிண்டர் மேல்தான் சந்தேகம், "அதோட முழியே சரியில்லைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிரிண்டர் நிரபராதி. பில் போடும் புரோகிராமும் நிரபராதி. அதற்கடுத்த ஒன்றைப் போட்டோம், வந்தது பார் வட்டம். அணைத்தால் திறக்கிறது, போட்டால் சுற்றுகிறது. இரண்டு தரம் பார்த்து உறுதி செய்தோம். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேரைப் படித்தாள். பிறகு, "இது நம்ம வாண்டு போட்டதுங்க" என்றாள். ஆமாம் வாண்டு, நீ அங்கிருந்தே எங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்து வேலை பார்க்கப் போட்டாயே, அதுதான். "புள்ளைய வெளிய நிறுத்தப் போறீங்களா" என்று கேட்டாள். "அவளை யாரு நிறுத்தினா, அது பழசாயிடுச்சு, புது அப்டேட்டோட ஒத்துப்போகல, அவ்வளவுதான்" என்றேன்.

புதிய பதிப்பைப் போட்டால் சரியாக ஓடும் என்று ரிப்பேர்காரர் போனில் சொன்னார். இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன். நீ உன் சாப்பாட்டு நேரத்தில் அதன் வழியாக வந்து எங்கள் ஸ்டாக்கைத் திருத்துவாய். திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்ததும் நான் மவுஸை விட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். உனக்குச் சாப்பாடு போகிறது, எனக்கு மூளை துருப்பிடிக்கிறது, இரண்டு பக்கமும் நஷ்டம் வருகிற வியாபாரத்தை நான் என்றைக்கு நடத்தியிருக்கிறேன்? நகல் எடுக்கும் வேலையை நேற்றே அம்மா கற்றுக்கொண்டு எடுத்தும் வைத்துவிட்டாள், இனி சனிக்கிழமை தோறும் ஷட்டரை இறக்கும் முன் அது அவள் பொறுப்பு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. பிரிண்டரில் பேப்பர் வைக்க அவளுக்கு எப்போதோ தெரியும். சும்மா கூப்பிட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், பிரிண்டர் ஓடவில்லை என்றால் அரை மணி நேரம் பேசுகிறாய். உன் அம்மா என்னைவிடப் பெரிய வியாபாரி.

மற்றபடி மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாயிற்று. அத்தை வந்து தங்கி அடுக்களை டப்பாக்களையெல்லாம் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனாள், அம்மா இன்னும் சர்க்கரையைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையைக் குறைத்திருக்கிறார்கள். நீ அங்கே ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகாதே, ஒயர் சூடாகிறதா என்று தொட்டுப் பார்.

கடைசியாக ஒன்று. அந்தப் பொறுப்பு உனக்கே பிடிக்கவில்லை என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். பிடித்திருந்தும் எங்களுக்காக விடுகிறாய் என்றால் அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் அன்றைக்கே சொல்வேன், அப்போது நீ கிளம்பி வா, அது வேறு கணக்கு. கம்ப்யூட்டருக்காக இனி உன்னைக் கூப்பிட மாட்டோம். சும்மாதான் கூப்பிடுவோம். மீட்டிங் என்று வைத்தால், முடிந்ததும் நீ கூப்பிட வேண்டும். இதுதான் பேரம், இதற்குமேல் நான் இறங்க மாட்டேன்.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு நன்றாக இரு. அம்மாவின் ஆசியும் இதோடு சேர்த்திதான். திங்கட்கிழமையை மறந்துவிடாதே, காலையிலேயே போய்ச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா